வரவுக்குக் கட்டமில்லை

மார்கழி வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
கொக்கிரகுளத்துக் கடைக்குள்
முழங்கால் மட்டும் சகதி.
இரண்டு ஜெராக்ஸ் மெஷினும்
எருமைகளாய் அதில் படுத்திருந்தன.

அள்ளி அள்ளித் தெருவில் கொட்டினோம்.
கடைசி வாளியைக் கொட்டவில்லை.
பெரிய காரணமெல்லாம் கிடையாது;
இடுப்பு விட்டுப்போனது.
இருபது லிட்டர் டிஸ்டெம்பர் வாளி
மாடிப்படித் திருப்பத்தில் அப்படியே கிடந்தது.

இன்சூரன்ஸ்காரர் ஒரு படிவம் தந்தார்.
இழப்புக்குப் பதினோரு கட்டம்.
டோனர் எட்டு, பேப்பர் நாற்பது கட்டு,
லேமினேஷன் மெஷின், கல்லாப்பெட்டி, சுழல் நாற்காலி.
வெள்ளம் கொண்டுவந்தது என்ன என்று கேட்க
ஒரு கட்டமும் இல்லை.

தை பாதியில்
வாளி மண் பாளமாய் வெடித்தபோது
வெடிப்புக்குள் ஒரு சிவப்பு.
பூச்சியோ என்று ஊதினேன். அசைந்தது, போகவில்லை.
இரண்டே இலை,
அடிப்பக்கம் வெற்றிலை போட்ட நாக்கு.

அம்பையோ, வீரவநல்லூரோ, சேரன்மாதேவியோ,
யார் தோட்டத்துத் தண்டங்கீரையோ.
எந்த மதகில் நழுவி
எத்தனை பாலத்துக்கு அடியில் உருண்டு
என் ஷட்டருக்குள் நுழைந்ததோ.
ஊரெல்லாம் ஆதார் நகல் எடுத்துக் கொடுப்பவனுக்கு
இதன் விலாசம் கிடைக்கவில்லை.

ஸ்குரூடிரைவரை அடுப்பில் சுட வைத்து
வாளிக்கு அடியில் நாலு துளை போட்டேன்.
காலையில் படிக்கட்டு,
பதினோரு மணிக்கு மேல் மொட்டைமாடிச் சுவரோரம்.
அரிசி களைந்த தண்ணீர் ஒரு செம்பு.
ஊற்றுமுன் விரலை முதல் கணு வரை
மண்ணில் விட்டுப் பார்ப்பேன்.
"கையத் தொடச்சிட்டு எடுங்க சார்,
ஒரிஜினல் பத்திரம்" என்பார்கள் கீழே.

ஓரிலையைச் சுருட்டி உள்ளே
பச்சைப் புழு ஒன்று குடியிருந்தது.
எடுத்து எறியக் கை ஓங்கி,
வாடகை இல்லாமல் வந்த இன்னொன்றுதானே என்று
அந்த இலையோடு
பக்கத்து மனை எருக்கில் வைத்தேன்.
மறுநாள் இன்னும் நாலு.
அவற்றுக்கு அந்த மரியாதை இல்லை.

மெஷின் பார்க்க மேலப்பாளையத்திலிருந்து வந்த
பீர்மைதீன் டிரம்மைக் கழற்றிச் சொன்னார்:
"ஒண்ணு பொழச்சிரும் வே. மத்தது சீவன் போயிட்டு.
அது என்னவே வாளில, மரமா வளக்கீரு?"

பங்குனியில் இடுப்பு உயரம். தண்டு கட்டைவிரல் பருமன்.
ஒரு மத்தியானம் மேலே போனால்
தலை இல்லை.
"கிள்ளுனாத்தான கெளைக்கும்" என்றாள் ஆவுடைச்செல்வி,
முறத்தைப் பார்த்துக்கொண்டே.
இரண்டு நாள் நான் பேசவில்லை.
மூன்றாம் நாள்
கிள்ளின இடத்துக்குக் கீழே
வலமும் இடமுமாய் இரு கொழுந்து.
அதற்காக உடனே பேசிவிட முடியுமா,
இன்னும் அரைநாள் இழுத்தேன்.

பிறகு அடிக்கடி கீரை.
முதல் வாய்ச் சோற்றில்
கடைக்குள் நின்ற அந்த வீச்சத்தைத் தேடினேன்.
பூண்டு இருந்தது. சீரகம் இருந்தது.
உப்பு ஒரு கல் கம்மி.

ஒரு கிளையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
அது கதிர் விட்டு, வாடி, பழுப்பாகி,
பாழான ஏ-ஃபோர் தாளில் உதறினேன்:
டோனர் தூள் கொஞ்சம் தடித்தது போல
பளபளவென்று கறுப்பு.
எறும்புக்குப் பயந்து கடைக்குக் கொண்டுவந்தது தப்பு.
ஃபேன் காற்றுக்குத் தாள் புரண்டுவிட்டது.

நேற்று ஒருவர், மேலச்செவல்காரர்,
நிலத்து வரைபடம் நகலெடுக்க வந்தார்.
எடுத்துக் கொடுத்தால் வயல் முழுக்கப் புள்ளி.
"கண்ணாடில தூசி இருக்கு, இருங்க, வேற தாரேன்."
அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
ஒவ்வொரு புள்ளியாக நகத்தால் சுரண்டினார்.
எல்லாம் அச்சு.
ஒன்று மட்டும் நகத்தோடு வந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தார்:
"இது தண்டங்கீரையில்லா?"